பலகையும் பீப்பாயும்



1960-களில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பௌதிகத்துக்கு ஒரு நோட்டு, கணக்குக்கு ஒரு நோட்டு, கைவேலைக்கு ஒரு நோட்டு. வாத்தியார்களும் மூன்று பேர். ஒருவர் பாடத்துக்கும் இன்னொருவர் பாடத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. விழும் பொருள் கடக்கும் தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதை பிரெஞ்சில் நெட்டுருப் போட்டு ஒப்பித்தேன். மதிப்பெண் வந்தது, பொருள் விளங்கவில்லை. அது விளங்க நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அந்த விதியைக் கண்டுபிடித்தவர் மூன்று நோட்டு வைத்திருக்கவில்லை என்று.

கலிலேயோவுக்கு ஒரு சிக்கல். கல் விழுகிற வேகத்தை அளக்க அந்தக் காலத்தில் கடிகாரம் இல்லை. அதனால் அவர் விழுதலையே மெதுவாக்கினார். பீப்பாயை வண்டியில் ஏற்றப் பலகையைச் சாய்த்து வைப்பார்களே, அதே சாய்தளம்தான் அவருக்கும் கருவி. ஏற்றுகிறவனுக்குப் பாரத்தைக் குறைக்கும் பலகை, இறங்குகிற குண்டுக்கு வேகத்தைக் குறைக்கிறது. சுமார் 7 மீட்டர் நீள மரத்தில் நேரான பள்ளம் வெட்டி, வழுவழுப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்துக்கு, பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வடிந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். நூறு முறை செய்து பார்த்ததாக 1638-இல் வெளிவந்த நூலில் எழுதுகிறார். தச்சுவேலை, தராசு, வர்க்கக் கணக்கு மூன்றும் ஒரே மேசையில்!

இதைப் பாமரருக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களிலும் உண்டு. புரட்சிக் காலத்தில், 1794-இல், பாதிரியார் கிரெகுவாரின் யோசனைப்படி பாரீசில் 'கொன்செர்வத்துவார் தெ ஆர் ஏ மெத்தியே' என்ற நிலையம் ஏற்பட்டது. இயந்திரங்களைச் சேர்த்து வைத்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கிச் சொல்வதே அதன் நோக்கம். 1819-இல் ஷார்ல் துய்ப்பேன் அங்கே இயந்திரவியல் ஆசிரியரானார். பின்னாளில் அதன் தலைவராக இருந்தவர் ஆர்த்தூர் மொரேன் என்ற பீரங்கிப்படை அதிகாரி.

மொரேன் பெயரால் ஒரு கருவி உண்டு. ஆளைவிட உயரமான உருளை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றிக் காகிதம். பற்சக்கரங்களும் காற்றைத் தள்ளும் சிறகுகளும் உருளையை ஒரே சீராகச் சுழல வைக்கும். பக்கத்தில் பென்சில் பொருத்திய ஓர் எடைக் குண்டு நேராக விழும். காகிதத்தை அவிழ்த்து விரித்தால், விழுந்த குண்டே வளைகோடு வரைந்திருக்கும். சம இடைவெளியில் கோடு போட்டு அளந்தால் 1, 4, 9, 16 என்று வரும். சூத்திரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பாடப்புத்தகத்தில் இதன் படம் இருந்தது. படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டோம். அன்று எங்கள் வாத்தியார் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டியிருந்தால் போதும். துறைமுகத்தில் பீப்பாய் உருட்டுவதை அன்றாடம் பார்த்த பிள்ளைகள் நாங்கள்.

போன விடுமுறையில் பேரனோடு திண்ணையில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன். எட்டடிப் பலகையில் பள்ளம் இழைத்து, மேலிருந்து அரை அடி, 2 அடி, 4½ அடி, 8 அடியில் குறுக்கே மெல்லிய நூல் கட்டினோம். "இடைவெளி ஒன்றுக்கொன்று பெரிசாகுதே தாத்தா, சத்தமும் தள்ளித்தள்ளித்தானே வரும்?" என்றான். "உருட்டிப் பாருடா" என்றேன்.

டக். டக். டக். டக். சுவர்க் கடிகாரம் போல ஒரே சீர்.

அவன் இன்னொரு முறை உருட்டினான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அறுபது வருஷம் முன்னால் ஒப்பித்த வரி, அன்றுதான் என் காதில் விழுந்தது.