கூடுதல் நெசவும் கூடுதல் கூலியும்

தமிழ் வழங்கும் எல்லைக்கு அப்பால், ஆமதாபாத், பம்பாய், ஜாம்ஷெட்பூர் போன்ற நகரங்களில் பிழைப்பை நாடிக் குடியேறிய நம்மவர் வீடுகளில், உழைப்பைக் கூட்டினால் ஊதியம் கூடுமா என்னும் வினா எழாத வீடு அரிது. மேலதிகாரி கூடும் என்பார். ஆலையில் முப்பது ஆண்டு கழித்த பெரியவர் சிரித்துக்கொள்வார். இருவர் நிலையிலும் உண்மை உண்டு. முன்னவர் சொல் எப்பொழுது பலித்தது, பின்னவர் ஐயம் எப்பொழுது மெய்யாயிற்று என்பதை நம் நாட்டுப் பஞ்சாலைகளின் வரலாற்றில் காணலாம். அதன் முக்கியமான பகுதி ஆமதாபாத்தில் நிகழ்ந்தமையால் அந்நகரிலிருந்தே தொடங்குவோம்.

1917ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடிவிடாதிருக்கும் பொருட்டு ஆலை முதலாளிகள் 'பிளேக் போனஸ்' என்று ஒரு தொகை கொடுத்து வந்தனர். சில ஆலைகளில் அது கூலியில் 70, 80 சதவீதம் வரை இருந்தது. நோய் தணிந்ததும், 1918இன் தொடக்கத்தில், அதனை நிறுத்த முற்பட்டனர். நோய்தான் தணிந்திருந்தது, உலகப் போரினால் ஏறிய விலைவாசி தணியவில்லை. நெசவுத் தொழிலாளர் 50 சதவீத உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் நிலைமையை ஆராய்ந்து, 35 சதவீதமே நியாயம் என்றார். பெப்ரவரி 22ஆம் நாள் ஆலைகளின் கதவு அடைபட்டது. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தொழிலாளர் நாள்தோறும் கூடினர். மார்ச்சு 15ஆம் நாள் அடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வுடன்பாடு சற்று வேடிக்கையானது. முதல் நாள் 35 சதவீதம், தொழிலாளர் வாக்குக் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20 சதவீதம், முதலாளிகள் வாக்குக் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவான இருபத்தேழரை. நடுவராக அமைந்த ஆனந்த சங்கர் துருவா பின்னர் 35 சதவீதமே அளித்தார். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா பென். இப்போராட்டத்தின் பயனாக 1920இல் 'மஜூர் மகாஜன்' என்னும் தொழிற்சங்கம் தோன்றிற்று.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1918இல் எவரும், ஒரு தொழிலாளி எத்தனை கஜம் நெய்தான் என்று கேட்கவில்லை. உயிர் வாழ எவ்வளவு தேவை என்பதே வழக்கு. நெய்த அளவுக்கும் பெற்ற கூலிக்கும் உள்ள உறவு பற்றிய சச்சரவு பத்தாண்டு கழித்துப் பம்பாயில் எழுந்தது. இரண்டு தறிகளைப் பார்த்து வந்த நெசவாளி மூன்று தறிகளைப் பார்க்க வேண்டும் என்று சில ஆலைகள் விதித்தன. தறிக்குத் தறி கூலி கூடும் என்றது நிர்வாகம். மூன்றாவது தறியைப் பார்த்து வந்தவனுக்கு வேலை எங்கே என்றனர் தொழிலாளர். இக்கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. 1928ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஏறக்குறைய ஆறு மாதம், பம்பாய் ஆலைகள் நின்றுபோயின. ஆலை வாயிலில் காலைதோறும் காத்து நின்று, வராதவனுடைய இடத்தில் அன்றைய வேலையைப் பெறும் 'பதிலி'த் தொழிலாளர் நிறைந்த நகரம் அது. அங்கே ஒருவனுடைய திறமை மற்றொருவனுடைய பட்டினியாக முடியும் என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ள நம்மால் இயலவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், உற்பத்தியைப் பெருக்குவது அரசாங்கத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாயிற்று. 1951இல் திட்டக் கமிஷன் முன்னிலையில் முதலாளிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் தில்லியில் ஓர் இணக்கத்திற்கு வந்தனர். இருப்பவரை நீக்காமல் ஆலைகளைச் சீரமைப்பது, விளையும் ஆதாயத்தில் தொழிலாளர்க்கும் பங்களிப்பது என்பன அதன் சாரம். அடுத்த ஆண்டு இறுதியில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அனுப்பிய நிபுணர் குழு நம் நாட்டுக்கு வந்து பஞ்சாலைகளிலும் பொறியியல் தொழிற்சாலைகளிலும் பணியாற்றிற்று. புது இயந்திரம் வாங்காமலே, வேலையின் ஒழுங்கை மாற்றுவதால் விளைவைப் பெருக்க முடியும் என்று அக்குழு செய்தே காட்டியது. ஆயினும் தாளில் எழுதிய இணக்கம் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. 1955இல் கான்பூரில் சீரமைப்பை எதிர்த்து 40,000க்கு மேற்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

அதே காலத்தில் ஆமதாபாத்தில் நிகழ்ந்த ஒரு சோதனையை நாம் சற்று விரிவாகவே பார்த்தல் தகும்.

காலிகோ ஆலை நிறுவனத்தைச் சேர்ந்த ஜூபிலி ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் அமைக்கப்பட்டன. நிறுவனத் தலைவர் கௌதம் சாராபாய். 1918இல் எதிர்த்தரப்பில் நின்ற அம்பாலாலின் மைந்தர். புதுத் தறிகள் வந்தும், எதிர்பார்த்த அளவு துணி வரவில்லை. வந்த துணியிலும் குறை மிகுதி. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் ஆலோசகராக வந்தார். அவர் இயந்திரத்தை ஆராய்வதற்கு முன், அதனைச் சுற்றி நிற்கும் மனிதரை ஆராய்ந்தார்.

224 தறிகள், 29 தொழிலாளர், அவர்களுக்குள் 12 வகை வேலை. அறுந்த இழையை முடிபவர் ஒருவர். ஊடைநூற் குழல்களை நிரப்புபவர் வேறொருவர். பாவு பெருமளவில் அறுந்தால் சரிசெய்பவர் இன்னொருவர். புதுப் பாவு ஏற்றுபவர், பழுது பார்க்கும் ஜாபர், எண்ணெய் இடுபவர், துணி சுமப்பவர், பெருக்குபவர் என்று வரிசை நீண்டது. ஒவ்வொரு வகையினருக்கும் தறிகளின் எண்ணிக்கை வெவ்வேறு. ஆகவே ஒருவர் பார்க்கும் தறிகள் மற்றொருவர் பார்க்கும் தறிகளோடு பொருந்தவில்லை. நெய்யும் துணியின் ரகம் மாறினால் கணக்கு மேலும் குழம்பும். தறி ஒன்று நின்றால், அது யாருடைய தறி? எல்லோருடையதும்; எனவே எவருடையதும் அன்று. ஒவ்வொருவரும் தம் வேலையைச் செம்மையாகச் செய்தும் துணி குறைந்ததற்குக் காரணம் இதுவே என்று ரைஸ் கண்டார். சோம்பல் என்று தொழிலாளரைப் பழிப்போர் இக்கணக்கை ஒருமுறை படிப்பது நலம்.

64 தறிகளுக்கு 7 பேர் கொண்ட ஒரு குழு என அமைக்கலாம் என்ற யோசனை மேற்பார்வையாளரோடும் தொழிலாளரோடும் பேசப்பட்டது. தொழிலாளர் அதைக் கேட்டதும் தாமே ஒருவரை ஒருவர் தேர்ந்து குழுக்களாகப் பிரிந்துகொண்டனர். நிர்வாகம் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுக்கும் வேலையே இல்லாமற் போயிற்று. ஒருவர் அயர்ந்தால் மற்றவர் அவர் வேலையை ஏற்றார். நின்ற தறியை யார் அருகில் இருந்தாரோ அவர் கவனித்தார். ஏறக்குறைய 80 சதவீதமாக இருந்த தறித்திறன் 95 சதவீதத்தை எட்டிற்று. 32 சதவீதத்தளவில் இருந்த துணிக்குறை 20ஆகக் குறைந்தது. பின்னர்ச் சாதாரணத் தறிக்கூடம் ஒன்றிலும் இம்முறை கையாளப்பட்டது. அங்கும் நெசவு பெருகிற்று, தொழிலாளர் வருவாயும் உயர்ந்தது. ரைஸ் இவற்றை 1958இல் நூலாக வெளியிட்டார்.

கூலி உயர்ந்ததனால் உழைப்புப் பெருகிற்றா, குழு முறையினால் பெருகிற்றா என்று பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பினர். நியாயமான ஐயந்தான். ஆனால் தறியின் முன் நிற்பவருக்கு இவ்விரண்டும் தனித்தனியாக வருவதில்லை. மிகையாக நெய்ததில் பங்கு உண்டு என்னும் நம்பிக்கை இல்லாதவிடத்து ஏழு பேர் தாமாகக் கூடி நின்றிருப்பார்கள் என்று நாம் கருதவில்லை. மஜூர் மகாஜன் போன்றதொரு சங்கம் முப்பது ஆண்டுகளாக நிர்வாகத்தோடு அமர்ந்து பேசிப் பழகிய நகரம் அது என்பதையும் மறத்தலாகாது. கான்பூரில் அத்தகைய அடித்தளம் வாய்க்கவில்லை.

1957ஆம் ஆண்டு ஜூலையில் புது தில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, சீரமைப்பிற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது: இருக்கும் தொழிலாளரை நீக்கலாகாது, ஆதாயம் சமூகத்திற்கும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நேர்மையாகப் பகிரப்பட வேண்டும், வேலைப்பளுவை இருதரப்பும் ஏற்ற நிபுணர் அளந்து சொல்ல வேண்டும். 1958இல் தேசிய உற்பத்தித்திறன் மன்றம் நிறுவப்பட்டது. பிற மாநிலத்தில் பணிபுரியும் நம்மவர், குஜராத்தியிலோ இந்தியிலோ எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் ஷரத்தைப் பிறர் வாய்மொழியாகவே அறிந்த காலம் அது. வேலைப்பளுவை யார் அளந்தார் என்ற ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் பிழைத்தனர்.

1970இல் எரிக் மில்லர் என்ற டாவிஸ்டாக் ஆய்வாளர் அதே தறிக்கூடங்களுக்குச் சென்றார். சாதாரணத் தறிகளின் கூடம் ஒன்றில் குழு முறை பதினாறு ஆண்டு கழித்தும் ஏறக்குறைய மாறாமல் நடந்துவந்தது. தானியங்கித் தறிக்கூடங்களிலோ பெரும்பாலும் பழைய முறையே திரும்பியிருந்தது. மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நகரின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின, காலிகோவும் தப்பவில்லை. குறைந்த கூலிக்கு நெய்த விசைத்தறிகளோடு அவை போட்டியிட இயலாமற் போனது முக்கியமான காரணம். ஆலை வேலையை நம்பி மணிநகர்ப் பகுதியில் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களும் அவ்வீழ்ச்சியின் பங்கை ஏற்றன. வேலையிழந்தவருள் பலர் அதே விசைத்தறிக் கூடங்களுக்கே சென்றனர். அங்கே கூலி மீட்டர் கணக்கு. மிகுதியாக நெய்தால் மிகுதியாகக் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்பதைப் பேசி முடிவு செய்ய அங்கே மஜூர் மகாஜன் இருக்கவில்லை.