ஜனாதிபதிக்கு ஒரு பாட்டு – துனிசியாவின் 'அல் ஜெனரால்'



ராப் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பெற்றோர்கள் நம்மில் அதிகம். "சேர், இவன் நாள் முழுக்க இதைத்தான் கேட்கிறான், கொஞ்சம் சொல்லி வையுங்கள்" என்று என்னிடம் வருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் குப்பை நிறைய இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அரபு உலகின் அண்மைக்கால வரலாற்றை எழுதும்போது ஒரு ராப் பாட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்தக் கதையை இன்று சொல்கிறேன்.

1987 நவம்பர் 7ஆம் திகதி துனிசியாவின் பிரதமராக இருந்த பென் அலி, முதுமையால் ஜனாதிபதி பூர்கிபாவுக்கு ஆள முடியாது என்று அறிவித்து ஆட்சியைத் தன் கையில் எடுத்தார். அதன்பின் 23 வருடங்கள் அவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் அழகான நாடு. கடற்கரை, உல்லாசப் பயணிகள். உள்ளே பட்டம் முடித்த பிள்ளைகளுக்குத் தொழில் இல்லை. ஜனாதிபதியின் மனைவி வழி உறவினர்கள் கை வைக்காத வியாபாரம் இல்லை. பத்திரிகையில் எழுத முடியாது; கோப்பிக் கடையில் கூட அக்கம்பக்கம் பார்த்துத்தான் பேச வேண்டும். அரச பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் ஹிஜாப் அணிவதைத் தடுத்த 108ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பூர்கிபா காலத்தில், 1981இல் வந்தது. பென் அலியின் பொலிஸ் அதைத் தெருவிலும் அமுல்படுத்தியது.

இந்த நாட்டின் ஸ்பாக்ஸ் நகரத்தில் ஹமாதா பென் அமோர் என்று ஓர் இளைஞன். இருபதைச் சற்றே தாண்டிய வயது. அமெரிக்காவின் டூபாக்கைக் கேட்டு வளர்ந்தவன். ராப் பாடுபவர்களை எம்சி என்பார்கள். இந்த எம்சி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'அல் ஜெனரால்', அதாவது தளபதி. அவனுக்கு மேடை கிடைக்கவில்லை, வானொலியும் அவனுடைய பாட்டைப் போடவில்லை. வீடியோத் தளமான யூடியூப்பையே அரசாங்கம் முடக்கி வைத்திருந்தது. திறந்திருந்தது முகநூல் மட்டும்தான்.

2010 நவம்பரில் அவன் ஒரு பாட்டை இணையத்தில் விட்டான். பெயர் 'ரஈஸ் லிபிலாத்', நாட்டின் தலைவர். காணொளி ஒரு பழைய தொலைக்காட்சித் துண்டோடு தொடங்குகிறது. பென் அலி ஒரு பாடசாலைக்கு விஜயம் செய்கிறார். ஒரு சின்னப் பையன் முன்னால் குனிந்து, ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கிறார். பையன் பேச்சு வராமல் நிற்கிறான். ஓர் ஆசிரியனாக அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் பாட்டு வருகிறது. இருட்டான இடம், தொப்பியை நெற்றிக்குக் கீழே இறக்கிவிட்ட ஓர் உருவம், மெதுவான கோபம். உன் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள், குப்பையில் சாப்பாடு தேடுகிறார்கள், உன் பொலிஸ்காரர்கள் ஹிஜாப் அணிந்த பெண்களை அடிக்கிறார்கள் என்று நேரடியாக ஜனாதிபதியை விளித்துச் சொல்கிறான்.

யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு வரிகூட அந்த மக்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டுப் பேசிய விஷயம்தான். அதை ஒருவன் சொந்தக் குரலில், ஆளின் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியதுதான் புதிது. அநியாயக்கார ஆட்சியாளன் முன்னால் உண்மை பேசுவதன் சிறப்பை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம். அதைச் செய்ய முன்வந்தது பெரிய ஆலிமோ சட்டத்தரணியோ மட்டுமல்ல, தொப்பி போட்ட ஒரு ராப் பொடியனும்தான்.

பாட்டு முகநூல் வழியே பரவியது. அல் ஜஸீராவும் அதை எடுத்துக் காட்டியது. அடுத்த மாதம், டிசம்பர் 17ஆம் திகதி, சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முஹம்மத் பூஅஸீஸி, அதிகாரிகள் தன் சாமான்களைப் பறித்த பின்னர் ஆளுநர் அலுவலகத்தின் முன்னால் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். அந்தச் செயலை மார்க்கம் அனுமதிக்காது. ஆனால் ஒரு மனிதனை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று நாடே கேட்டது. ஆர்ப்பாட்டங்கள் பரவின. அல் ஜெனரால் அடுத்த பாட்டையும் விட்டான்.

2011 ஜனவரி 6ஆம் திகதி பொலிஸ் அவனை வீட்டிலிருந்து கொண்டுபோனது. செய்தி வெளியே தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. மூன்று நாளில் விட்டார்கள். ஜனவரி 14ஆம் திகதி பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பி ஓடினார்.

பாட்டுத்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது மிகை. தெருவில் இறங்கிச் சூடு வாங்கிய மக்கள், தொழிற்சங்கங்கள், சட்டத்தரணிகள், கடைசியில் ஆர்ப்பாட்டக்காரர்களை அடக்க மறுத்த இராணுவம் என்று பல கை சேர்ந்த வேலை அது. பாட்டு அவர்களின் பயத்தைக் குறைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் அதிகம் யோசிக்க வேண்டியது. அல் ஜெனராலின் பிந்திய பாடல்களில் மார்க்க அரசியல் கலந்திருக்கிறது என்று நேற்றுக் கைதட்டியவர்களில் சிலரே முகம் சுளித்தார்கள். 2013இல் 'வெல்த் அல் கன்ஸ்' என்ற இன்னொரு ராப் பாடகர் பொலிஸாரை நாய்கள் என்று ஏசிப் பாடினார். அது நாகரிகமான பாட்டு அல்ல. ஆனால் புரட்சி முடிந்த துனிசியாவின் நீதிமன்றம் ஒரு பாட்டுக்காக அவருக்கு இரண்டு வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது ஆறு மாத ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் குறைந்து அவர் வெளியே வந்தார். 2021இல் ஜனாதிபதி கைஸ் சஈத் பாராளுமன்றத்தை முடக்கினார். 2022 செப்டம்பரில் வந்த 54ஆம் இலக்க ஆணை, பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. 2023 மே மாதம் பொலிஸைக் கிண்டல் செய்து பாட்டுப் போட்ட மாணவர்களைப் பிடித்தார்கள். கண்டனம் எழுந்த பின்புதான் விட்டார்கள்.

பன்னிரண்டு வருடத்தில் அதே பொலிஸ், அதே பாட்டு, அதே சிறை. ஒருவரை விரட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். நமக்குப் பிடித்தவன் பேசும்போது மட்டும் பேச்சுரிமை வேண்டும், பிடிக்காதவன் பேசும்போது பொலிஸ் வேண்டும் என்றால், அந்தப் பொலிஸ் நாளைக்கு நம் வீட்டுக் கதவையும் தட்டும். நமது நாட்டில் நமக்கு இதை யாரும் படிப்பித்துத் தரவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் காதிலிருந்து அந்த ஹெட்போனைப் பறிக்க முன்னர், ஒருநாள் பக்கத்தில் இருந்து அவன் கேட்பதைக் கேளுங்கள். ஆபாசமென்றால் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அதில் ஓர் அநியாயத்தைப் பற்றிப் பேச்சு இருந்தால், "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பயமில்லாமல் பதில் சொல்ல அவனுக்கு வீட்டிலும் வகுப்பிலும் பழக்கம் வரட்டும்.

உங்கள் கருத்துகளை மரியாதையோடு கீழே பதியுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும்.