கணக்கர் கண்ட பொருளியல்

வரவு செலவு எழுதிப் பழகிய ஒருவர், ஒரு நாட்டின் வறுமைக்கே கணக்கெழுதப் புகுந்தால் என்ன விளையும்? ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கை அதற்கு விடை கூறுகின்றது.

1892இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவருடைய முதற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் சொந்த நிறுவனம் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொதுநிதியை ஆராய்ந்தார். ஏழை உழவன் கட்டும் வரி படைக்கும் வட்டிக்கும் அதிகாரிகளின் ஊதியத்துக்கும் கரைவதை அரசாங்க ஏடுகளே அவருக்குக் காட்டின. அவரைத் தேசியவாதியாக்கியது அந்தக் கூட்டல் கழித்தல்தான்.

1929இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அவருடைய ஆய்வு ‘யங் இந்தியா’வில் தொடராக வெளிவந்தது. உப்புப் போராட்டக் காலத்தில் அவ்விதழின் பொறுப்பையே ஏற்று எழுதிச் சிறை புகுந்தார். 1931இல் இந்தியாவின் பெயரால் எழுதப்பட்ட கடனை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் பணியாற்றினார். எல்லைக்கு அப்பால் பிரிட்டன் நடத்திய போர்களின் செலவை இந்தியன் ஏன் சுமக்க வேண்டும் என்று அக்குழு கேட்டது.

பிறர் கணக்கில் காட்டிய கண்டிப்பைத் தம்மவரிடமும் அவர் தளர்த்தவில்லை. 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதி அவர் பார்வையில் இருந்தது. காந்தியடிகளுடன் வந்த குழுவினரின் செலவை அந்நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார். பொதுப்பணம் அமானிதம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் அமர்ந்து, கைக்குத்தல் அரிசிக்கும் செக்கெண்ணெய்க்கும் பனைவெல்லத்துக்கும் வாதாடினார். பயிரேறாத நிலத்தில் நிற்கும் பனை சர்க்கரை தருமாயின், கரும்பு பிடித்த நன்செய் நெல்லுக்குத் திரும்பும் என்பது அவர் கணக்கு. மலபாரில் நெல்வயல்கள் தென்னந்தோப்புகளாகி, தேங்காயெண்ணெய் சவர்க்கார ஆலைக்குச் செல்வதைக் கண்டு, உண்ணும் சோறு குறைகிறதே என்று எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை நம் குமரி மாவட்டத்துக்குத் தொலைவானதன்று. தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாய் விளங்கியது. 1956இல் இம்மண் தமிழகத்தோடு இணைந்தது. அதன்பின் வயல்கள் பல வாழையும் தென்னையுமாயின, பல வீட்டுமனைகளாயின. பனையேறுவோரும் கருப்பட்டி காய்ச்சுவோரும் அருகினர். உழவனைக் குறைகூற நாம் துணியோம். ஆட்கூலியும் உரவிலையும் கொடுத்தபின் நெல் அவனுக்கு மிச்சம் வைப்பதில்லை; அவன் ஏடு பொய் சொல்லவில்லை. ஆயினும் தூர்ந்த குளமும் இழந்த விளைநிலமும் எவருடைய ஏட்டில் பற்றாகும்? விற்றவனும் எழுதான், வாங்கியவனும் எழுதான். அப்பற்றை எழுதியாக வேண்டும் என்று கேட்டதே குமரப்பா செய்த தொண்டு.

விடுதலைக்குப் பின்னும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து, உழுபவனுக்கே நிலம் வேண்டுமென்று வற்புறுத்தினார். கடைசி ஆண்டுகளைத் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்தில் எளிய குடிலில் கழித்தார். 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் அவர் கண்மூடினார். அவர் எழுதச் சொன்ன பற்று இன்னும் எழுதப்படாமலே கிடக்கின்றது.