நஞ்சு எப்படி வேர் விடுகிறது? – ஒரு சிறு வரலாறு

"நஞ்சு விழுந்துச்சா?" பிள்ளை பிறந்ததும் நம் சிகாமட் பாட்டிமார் மறக்காமல் கேட்கும் கேள்வி இது. நஞ்சு என்பது நஞ்சுக்கொடி, மலாயில் ஊரி. அதன் உயிரணுக்கள் கருப்பைக்குள் எவ்வளவு ஆழம் போகணும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அளவு தப்பினால் தாய்க்கு ஆபத்து. இதைப் புரிந்துகொள்ள 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1754இல் லண்டனில் ஜான் ஹன்டர், இறந்துபோன ஒரு கர்ப்பிணியின் இரத்தக் குழாய்களில் செலுத்தப்பட்ட மெழுகின் பாதையை ஆராய்ந்தார். தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலப்பதில்லை என்பது அதில் தெரிந்தது.

1889இல் நெதர்லாந்தின் ஹுப்ரெக்ட், முள்ளெலியின் கருவை ஆராய்ந்து, அதைச் சூழ்ந்த உயிரணுக்களுக்கு 'டிரோபோபிளாஸ்ட்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். அடுத்த ஆண்டே மர மூஞ்சூறு போன்ற விலங்குகளின் கருக்களைச் சேகரிக்க, நமக்கு அண்டையிலுள்ள இந்தோனேசியத் தீவுகளுக்கு வந்தார்.

இந்த உயிரணுக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உள்ளடுக்கு பெருகிக்கொண்டே இருக்கும். வெளியடுக்கு ஒன்றாக இணைந்து உணவையும் உயிர்வளியையும் கடத்தும், எச்.சி.ஜி. ஹார்மோனையும் சுரக்கும். மூன்றாவது வகை கருப்பைச் சுவருக்குள் புகுந்து, தாயின் சுருள் தமனிகளை அகலமாக்கும். குறுகிய வாய்க்கால் அகன்றால்தானே வயலுக்குத் தண்ணீர் பாயும்?

புகுவது போதாவிட்டால்? பல தாய்மார்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும். முற்றினால் வலிப்பு வரும். காரணம் தெளிவாகத் தெரியாத காலத்திலேயே, சென்னையின் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் மூன்று மருந்துகளைச் சேர்த்து வலிப்பை அடக்கும் முறையை 1961இல் வெளியிட்டார். இன்று அந்த இடத்தில் மக்னீசியம் சல்பேட் இருக்கிறது. 1967இல் பிரோசன்ஸ் குழுவினர் சுருள் தமனிகளில் ஏற்படும் மாற்றத்தை விளக்கினர். 1972இல், நோயுற்ற தாய்மார்களிடம் அந்த மாற்றம் முழுமையாக நடக்கவில்லை என்று காட்டினர்.

அளவுக்கு மீறிப் புகுந்தாலும் ஆபத்துதான். நஞ்சு சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாது, இரத்தப்போக்கு ஏற்படும். பாட்டி பயந்ததும் இதற்குத்தான்.

மாணவர்களே, தேர்வில் 'நஞ்சுக்கொடி உணவு தரும்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது எப்படி அந்த வழியை அமைக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஆசிரியர்களே, கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஏன் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.