பாதுகாப்பு ஆணையும் நாட்டின் எல்லையும்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணை நெருங்கவோ, அவளது பணியிடத்துக்கு வரவோ, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளவோ கூடாது என்று எதிர்மனுதாரரைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளை பாதுகாப்பு ஆணை எனப்படுகிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005) இதனை 18-ஆம் பிரிவில் வகுத்து, தன்கீழ் பிறப்பிக்கப்படும் ஆணை எதுவும் இந்தியா முழுவதும் செயற்படுத்தத்தக்கது என்று 27-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே, திருச்சிராப்பள்ளி நீதித்துறை நடுவரின் ஆணையோடு மும்பைக்குக் குடிபெயரும் பெண் அங்கே புதிதாக வழக்குத் தொடர வேண்டியதில்லை. ஆனால், சிங்கப்பூருக்கு விமானம் ஏறினால் அந்த ஆணை அவளுக்குத் துணைவராது. அங்கே பெற்ற ஆணையும் இங்கே துணைவருவதில்லை.

திருமணம் இங்கும் குடித்தனம் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ அமைந்து, பிரிவு நேர்ந்தால் தாய்வீட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் திருச்சியின் பாலக்கரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் புதியவை அல்ல. சிங்கப்பூரின் பெண்கள் சாசனத்தின் (1961) கீழோ, மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் (1994) கீழோ ஆணை பெற்ற ஒரு பெண் பாலக்கரையில் தாய்வீட்டில் தங்கியிருக்க, கணவன் தொடர்ந்து வந்து அச்சுறுத்தினால், அந்த ஆணையை மீறியதற்காகக் காவல்துறை அவன்மீது நடவடிக்கை எடுக்க இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றம் நிறைவேற்ற வழிசெய்தாலும், பணம் செலுத்துமாறு கூறும் தீர்ப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சிங்கப்பூரும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன. அங்கே தீர்ப்பான கடன் இங்கே வசூலாகும்போது அங்கே கிடைத்த உயிர்ப்பாதுகாப்பு இங்கே செல்லாமற்போவது நியாயப்படுத்த முடியாத வேறுபாடு.

நடப்புச் சட்டத்தில் வழியே இல்லை என்பதற்கில்லை. பெண் தற்காலிகமாக வசிக்கும் இடத்து நடுவருக்கும் 27-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டில் நடந்த வன்முறைக்காகவும் இங்கே மனுச் செய்யலாம் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஏற்றுள்ளது. 23-ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பைக் கேட்குமுன்பே உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் ஒருதரப்பு ஆணை பிறப்பிக்கலாம். அயல்நாட்டு ஆணை அம்மனுவுக்கு வலுவான சான்றாக நிற்கும். எனினும், ஒரு நீதிமன்றத்தில் மெய்ப்பித்ததை மற்றொன்றில் முதலிலிருந்து மெய்ப்பிக்கும் சுமை பாதிக்கப்பட்டவள் தலையிலேயே விழுகிறது; புதிய ஆணை கைக்கு வரும்வரை அவளுக்குக் காப்பும் இல்லை.

எதிர்த்திசையில், இங்கே பெற்ற ஆணையை வெளிநாட்டில் செயற்படுத்துவது இன்னும் கடினமானது. ஆணையை மீறினால் ஓராண்டுவரை சிறையும் 20,000 ரூபாய்வரை அபராதமும் 31-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் இந்தியக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் மீறினால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் முன் அனுமதியின்றி இங்கே விசாரிக்க முடியாது.

அயல்நாட்டு ஆணையை அப்படியே ஏற்பது எதிர்மனுதாரரின் கேட்கப்படும் உரிமையைப் பறிக்கும் என்ற மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. இயற்கை நீதிக்கு முரணான அயல்நாட்டுத் தீர்ப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் ஏற்பதில்லை. இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 606/2013 ஒழுங்குவிதி தரும் விடை கவனத்துக்குரியது. 2015 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ள அவ்விதி, குறிப்பிட்ட இடங்களுக்கு வருதல், தொடர்புகொள்ளுதல், நெருங்குதல் ஆகியவற்றுக்கான தடைகளோடு நின்றுகொண்டு, பிற உறுப்பு நாடுகளில் அவற்றின் விளைவை 12 மாதங்களுக்கு வரம்பிடுகிறது. வீட்டில் வசிக்கும் உரிமையும் குழந்தையின் பொறுப்பும் சொத்தையும் எதிர்காலத்தையும் தொடுவதால் அவற்றை உள்ளூர் விசாரணைக்கே விட்டுவிடுவதுதான் முறை. ஒருவரை நெருங்காதிருக்கக் கட்டளையிடுவதால் மற்றவருக்கு ஏற்படும் இழப்போ மிகச் சிறியது.

2019-ஆம் ஆண்டு ஹேக் தீர்ப்பு உடன்படிக்கை குடும்ப விவகாரங்களையும் இடைக்காலப் பாதுகாப்பு நடவடிக்கைகளையும் விலக்கியுள்ளதால், அங்கிருந்து உதவியை எதிர்பார்க்க இயலாது. முன்மாதிரி இந்தியச் சட்டத்திலேயே உள்ளது: 1921-ஆம் ஆண்டின் ஜீவனாம்ச ஆணைகள் செயற்படுத்தல் சட்டம், மனைவிக்கான ஜீவனாம்ச ஆணைகளை அறிவிக்கப்பட்ட அயல் ஆட்சிப்பகுதிகளோடு பரிமாறிக்கொள்ள வழிவகுத்தது. அதே முறையில், முதற்கட்டமாகச் சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகியவற்றோடு உடன்பாடு கண்டு, சான்றளித்த ஆணையை மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் பெற்று நடுவரிடம் அன்றே பதிவுசெய்யவும், பதிவான நாள்முதல் அது 31-ஆம் பிரிவின் வலிமையோடு ஓராண்டு நிற்கவும், எதிர்மனுதாரர் அதனை இங்கேயே எதிர்த்து வாதிடவும் இடமளிக்கும் ஓர் உட்பிரிவை 27-ஆம் பிரிவில் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும்.