பின்னால் போனவளும் வாழ்க்கைப்பட்டவளும்

என் பெரியம்மா தன்னைப் பற்றிப் பேசும்போது 'வாழ்கிறேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் யாராவது "எப்படிக்கா இருக்கே?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவ ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர், நான்கே வருடத்தில் கைக்குழந்தையோடும் உடைந்த மணிக்கட்டோடும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் வாழாவெட்டி. அதற்குப் பிறகு முப்பது வருடம் விடியற்காலையில் பழவேற்காட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்தார். பொன்னேரி வழியாகக் கூடையைக் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்றார். மகனைப் படிக்கவைத்தார். இந்த முப்பது வருடத்துக்கும் சேர்த்துத்தான் தமிழ் 'வாழாதவள்' என்று பெயர் வைத்திருந்தது.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு ரஷ்ய மொழி வகுப்பில். எங்கள் வீட்டில் சோவியத் புத்தகங்கள் இருந்தன. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் மலிவு விலைக்கு வந்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களை அப்பா சம்பள நாளில் ஒன்றிரண்டாக வாங்கி வருவார். அவற்றின் மூலமொழியைத் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பிற்பாடு சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்துக்குப் போனேன். ஆண் திருமணம் செய்துகொள்வதற்கு ஒரு வினையும் பெண் திருமணம் செய்துகொள்வதற்கு வேறொரு வினையும் ரஷ்ய மொழியில் இருப்பதை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஆணுக்கு 'ஷெனீத்ஸா', மனைவி என்ற சொல்லிலிருந்து பிறந்தது, மனைவிகொள்வது. பெண்ணுக்கு 'வீய்தி ஸாமுஷ்'. சொல்லைப் பிரித்தால் 'கணவனுக்குப் பின்னால் வெளியேறிப் போவது'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதில் அந்தப் 'பின்னால்' காணாமல் போய்விடுகிறது.

தமிழில் அது காணாமல் போகத் தேவையில்லை. நம்மிடமும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவன் கட்டிக்கொள்கிறான், அவள் வாழ்க்கைப்படுகிறாள். ஆசைப்படுவதிலும் அதே 'படு'தான், அடிபடுவதிலும் அதே 'படு'தான். ஆனால் எந்த ஆணும் வாழ்க்கைப்பட்டதாக நம் மொழியில் பேச்சு இல்லை. வாழ்க்கை என்பது அவளுக்குக் கணவன் வீட்டில் வைத்துக் கொடுக்கப்படுவது. அங்கிருந்து வெளியே வந்தால் அதுவும் பறிபோய்விடும். ரஷ்யச் சொல் பெண்ணின் இடத்தைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் அவளுடைய உயிர்ப்பையே சொல்கிறது. எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பில் உண்மையான சிக்கல் பழமொழிகளிடம் வந்தபோது தொடங்கியது. 'ஸ்டெர்பித்ஸா, ஸ்லியூபித்ஸா.' பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்துக்கு அழும் பெண்ணிடம் சொல்லும் இரண்டே சொற்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பொறுத்துப்போகும், அன்பாகிப்போகும்' என்று வரும். யார் பொறுப்பது? வாக்கியத்தில் எழுவாயே இல்லை. ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாமல் முடியாது. அதனால் 'நீ பொறுத்துக்கொள், பிறகு நேசிப்பாய்' என்பது போல ஓர் ஆளை நுழைத்தாக வேண்டும். உடனே அது யாரோ ஒருத்திக்குச் சொல்லும் கட்டளை என்பது தெரிந்துவிடுகிறது. தமிழில் 'பழகப் பழகச் சரியாப் போயிடும்' என்று எழுதிவிட்டால் மூலத்தைப் போலவே யாரும் இல்லாத, யாரும் பொறுப்பேற்காத வாக்கியம் கிடைத்துவிடும். அழகான மொழிபெயர்ப்பு. என் பெரியம்மாவை முதல் முறை திருப்பி அனுப்பியபோது என் பாட்டி சொன்னதும் இதே வாக்கியம்தான்.

இன்னொரு பழமொழி: 'அடிக்கிறான் என்றால் நேசிக்கிறான்.' இதற்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு உண்டு. 1517-லும் 1526-லும் ஹாப்ஸ்பர்க் அரசின் தூதராக மாஸ்கோ சென்ற சிகிஸ்முண்ட் ஃபொன் ஹெர்பர்ஷ்டைன், 1549-ல் ரஷ்யாவைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு கதை வருகிறது. ரஷ்யப் பெண்ணை மணந்த ஜோர்டன் என்ற ஜெர்மானியக் கொல்லனிடம் அவன் மனைவி 'உனக்கு என்மேல் அன்பே இல்லையே' என்று குறைப்படுகிறாள். அன்பின் அடையாளம் எது என்று அவன் கேட்க, அடிதான் என்கிறாள். அவன் அடிக்கத் தொடங்கி, கடைசியில் அவளைக் கொன்றேவிடுகிறான். ரஷ்யாவை அறிய ஐரோப்பா நெடுங்காலம் புரட்டிய நூல் அது. அதன் வழியாக, ரஷ்யப் பெண்களே அடியைக் கேட்டு வாங்குபவர்கள் என்ற எண்ணம் மொழி மொழியாகப் பயணித்தது. செத்துப்போனவளின் பேச்சாக அதை நமக்குச் சொல்பவர் ஒரு வெளிநாட்டு ஆண். அவள் உண்மையில் என்ன கேட்டாள் என்பதற்குச் சாட்சி கிடையாது.

பிறகு தொகுப்பாளர்கள் வந்தார்கள். மருத்துவரும் அகராதியாளருமான விளாதிமிர் தால் 30,000-க்கும் மேற்பட்ட ரஷ்யப் பழமொழிகளைத் திரட்டி 1862-ல் வெளியிட்டார். 'மனைவியை ஆன்மாவைப் போல நேசி, பேரிமரத்தைப் போல உலுக்கு' என்பது அதில் ஒன்று. நம் பக்கம் பீட்டர் பெர்சிவல் 1874-ல் சென்னையில் 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு அச்சிட்டார். டேனிஷ் மிஷனரி ஹெர்மன் யென்சன் 1897-ல் பொருள்வாரியாக வகுத்த இன்னொரு தொகுப்பைத் தந்தார். இவர்கள் இல்லாவிட்டால் பலவும் அழிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் அச்சானபோது ஒரு பழமொழி எந்த வீட்டில், எந்த நாளில், யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்பது கழன்றுவிட்டது. மாமியார் சொன்னதும் மருமகள் கசந்து சொன்னதும் ஒரே வரிசையில் 'மக்கள் ஞானம்' ஆகிவிட்டன.

ஆங்கிலத்தில் ரஷ்ய இலக்கியத்தைத் திறந்துவிட்டவர் ஒரு பெண், கான்ஸ்டன்ஸ் கார்னெட். லண்டனுக்குத் தப்பிவந்த ரஷ்யப் புரட்சியாளர்களின் நட்பில், 1891-ல் கருவுற்றிருந்தபோது மொழி கற்கத் தொடங்கி, சுமார் 70 நூல்களை மொழிபெயர்த்தார். அவர் கையில் எல்லா எழுத்தாளர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நபகோவும் பிராட்ஸ்கியும் பழித்தார்கள். குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கண்பார்வை மங்க மங்க, பிள்ளை வளர்த்துக்கொண்டு உழைத்தவர் அவர். தமிழில் ரகுநாதன், மாஸ்கோவில் தங்கிப் பணிசெய்த ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் என்று நாம் நினைவுகூரும் முதல் பெயர்கள் ஆண்களுடையவை. ஆங்கிலம் வழியாக 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகியவற்றைக் கொண்டுவந்த எம்.ஏ. சுசீலாவின் பெயர் இந்த நூற்றாண்டில்தான் அந்த வரிசையில் சேர்ந்தது.

நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். 'அடிக்கிறான் என்றால் நேசிக்கிறான்' என்பதற்கு நம்மிடம் தயாராக ஒன்று இருக்கிறது: 'அடிக்கிற கைதான் அணைக்கும்.' இணைப் பழமொழியைக் கண்டுபிடிப்பதே நல்ல மொழிபெயர்ப்பு என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். எழுதினேன். வாசிப்பவர் ஒரு நொடிகூட நிற்காமல் தாண்டிப்போவார் என்று தெரிந்தது. அதுவே என்னை உறுத்தியது. அயல்மொழியில் வன்முறையாகத் தெரிந்தது நம் மொழியில் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அடித்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் எழுதினேன். இப்போது அது முட்களோடு நிற்கிறது, நம்முடைய பழமொழியையும் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது.

இது சொல் விளையாட்டு அல்ல. 2017 ஜனவரியில் ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை, குடும்பத்துக்குள் முதல் முறை அடித்து, கடுமையான காயம் ஏற்படாவிட்டால் அது குற்ற வழக்கு ஆகாது என்ற திருத்தத்தை 380-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேற்றியது. பிப்ரவரியில் சட்டமானது. தண்டனை பெரும்பாலும் 5,000 முதல் 30,000 ரூபிள் வரை அபராதம். அபராதத்தைக் கட்டுவது குடும்பப் பணத்திலிருந்துதான். அப்போது மேற்கத்திய ஏடுகள் இந்தப் பழமொழியைத்தான் எடுத்துப் போட்டன. ஹெர்பர்ஷ்டைன் செய்ததைப் போலவே, சட்டம் செய்தவர்களை விட்டுவிட்டு 'அவர்கள் பண்பாடு' என்று கைகாட்ட அது உதவியது. இந்தியாவில் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெரியம்மாவுக்கு அது இருபது வருடம் தாமதம்.

ஒருநாள் அவரிடம் 'வாழ்ந்து முடிப்பது ஒரு வயலைக் கடப்பதல்ல' என்ற ரஷ்யப் பழமொழியைச் சொன்னேன். ஆங்கிலத்தில் இதை வழக்கமாக ரோஜாப் படுக்கை ஆக்கிவிடுவார்கள். பெரியம்மா மீன் செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வயலைத் தாண்டுறது என்னடி லேசு? நாத்து நட்டுப் பாத்தவ சொன்னதா இது? ஏரியில இடுப்புத் தண்ணியில நின்னு கையால எறா தடவுறாளுங்களே, அவளுங்களக் கேளு, கடக்குறதுன்னா இன்னான்னு." பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். அது ஆண்களுக்குரியது. பெண்ணுக்கு மிஞ்சுவது மற்றொரு பாடு. அந்தப் பழமொழியை யாரோ நடந்துபோன ஆள்தான் சொல்லியிருக்க வேண்டும், வேலை செய்தவள் அல்ல என்று அன்றைக்குத் தோன்றியது.

2019-ல் ரஷ்யப் பெண்கள் குடும்ப வன்முறைக்கு எதிராகச் சமூக ஊடகங்களில் காயங்கள் வரைந்த முகங்களோடு ஒரு வாக்கியத்தைப் பரப்பினார்கள்: 'நான் சாக விரும்பவில்லை.' இதில் எழுவாய் இருக்கிறது, அது பெண். இணைப் பழமொழி தேடத் தேவையில்லை, எந்த மொழிக்கும் அப்படியே வரும். தால் சேர்க்காத, பெர்சிவல் அச்சிடாத வாழ்க்கைச் சொல் இது.

பெரியம்மா இறந்தபோது சடங்குக்கு வந்தவர்களில் ஒருவர், "பாவம், வாழாமலே போயிட்டா" என்றார். அவர் மகன் எழுந்து, "எங்கம்மா வாழ்ந்தாங்க" என்றான். எத்தனையோ வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு அது.