சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

"நீ ஒண்ணும் கேட்டு வைக்காதேடா. டாக்டருக்குக் கோபம் வந்துட்டா என்ன பண்றது? குழந்தை அவர் கையிலேன்னா இருக்கு!" என்றாள் என் அம்மா.

சென்ற வருஷம் என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. தியாகராய நகரில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயுடன் கிடந்தது. அம்மா மயிலாப்பூரிலிருந்து தினமும் கற்பகாம்பாள் குங்குமத்தை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போவாள். டாக்டரிடம் நான் கேட்க விரும்பியது ஒரே ஒரு கேள்விதான். அதற்குத்தான் இத்தனை தடை. அந்தக் கேள்வி என்ன என்பதைச் சொல்லுமுன் ஒரு பழைய வழக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1996-ஆம் வருஷம் ஆகஸ்ட் 30-ந் தேதி, எழும்பூர் அரசு தாய்சேய் நல ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29 வாரக் கர்ப்பம். எடை 1,250 கிராம். நம் வீட்டில் வாங்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் அந்தக் கனம் இருக்கும். 1844-ல் தொடங்கிய பழைய ஸ்தாபனம் அது. சென்னைவாசிகளில் எத்தனையோ பேர் இவ்வுலகத்தை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். குழந்தையை இன்குபேட்டரில் வைத்தார்கள். பிராணவாயு கொடுத்தார்கள், ரத்தம் மாற்றினார்கள். மூச்சு அடிக்கடி நின்று நின்று வந்த குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். செப்டம்பர் 23-ந் தேதி தாயும் சேயும் வீடு திரும்பினார்கள். தொற்று ஏதும் ஒட்டாதபடி குழந்தையை நான்கு சுவருக்குள் பத்திரமாக வைத்திருங்கள் என்பதுதான் பெற்றோருக்குக் கிடைத்த புத்திமதி. அவர்களும் அப்படியே செய்தார்கள். மறுபடி மறுபடி டாக்டரிடம் காட்டியும் வந்தார்கள்.

நாலரை மாதம் சென்று, தடுப்பூசிக்காக வேறொரு டாக்டரிடம் குழந்தையைக் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. குழந்தைக்குக் கண் தெரியவில்லை. அதற்குள் வியாதி கடைசிப் படியைத் தொட்டுவிட்டது. அமெரிக்கா வரை கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் பலனில்லை.

இந்த வியாதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் விழித்திரைக்கு ரத்தக் குழாய்கள் ஓடி முடிவது கடைசி மாதங்களில்தான். அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. பிராணவாயு அதிகமாகக் கிடைத்தால் குழாய்களின் வளர்ச்சி தடைப்படுகிறது; பிறகு விழித்திரை ரத்தத்துக்கு ஏங்கும்போது அவை தாறுமாறாகக் கிளைவிட்டு, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன. பாஸ்டன் நகரத்துக் கண் டாக்டர் டெர்ரி என்பவர் 1942-ல் இதை எழுதி வைத்தார். காரணம் அப்போது தெரியவில்லை. அந்தக் காலத்தில் நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில்தான் இந்தக் குருட்டுத்தனம் மிகுதியாக இருந்தது. அங்கேதான் பிராணவாயு தாராளமாகக் கிடைத்தது! 1951-ல் மெல்போர்ன் நகரத்து டாக்டர் கேட் காம்பெல் என்ற அம்மையார் பிராணவாயுவின் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். பிறகு அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்து, சந்தேகம் சரிதான் என்று நிச்சயப்படுத்தின. அதற்குள் உலகத்தில் சுமார் பதினாயிரம் குழந்தைகள் பார்வையை இழந்திருந்தன.

சரி, பிராணவாயுவை நிறுத்திவிடலாமே என்றால், மூச்சுத் திணறும் குழந்தை இறந்துபோகும். ஆகவே உயிருக்காகக் கொடுக்கத்தான் வேண்டும். கண்ணையும் கவனிக்கத்தான் வேண்டும். 1988-ல் இதற்கு ஒரு வழி உறுதிப்பட்டது. விழித்திரையின் ஓரத்தைத் தக்க தருணத்தில் குளிரால் உறையவைத்தால் பல குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றலாம் என்று நிரூபித்தார்கள். பின்னால் லேசர் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தக்க தருணத்தில் ஒரு கண் டாக்டர் பார்க்க வேண்டும்.

அந்தத் தருணம் எது? நம் வழக்கில் டில்லி எய்ம்ஸ் வைத்திய நிபுணர்கள் அதைச் சொன்னார்கள். இவ்வளவு குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு மூன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். வாசகர்கள் மேலே சொன்ன தேதிகளை விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். குழந்தை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியது இருபத்து நான்காம் நாள். பரிசோதிக்க வேண்டிய அதே வாரத்தில், "கண்ணைக் காட்டுங்கள்" என்று ஒருவரும் சொல்லாமல், அது வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

இதில் என் மனத்தை அறுக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. நம் சென்னைக் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி உலகத்திலேயே பழமையானது என்று நாம் பெருமை பேசிக்கொள்வது அதைத்தான். ராயப்பேட்டையில் ஆரம்பித்துப் பின்னால் இடம் மாறியது. எங்கே மாறியது தெரியுமா? அதே எழும்பூருக்கு! இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒரே பேட்டையில், ஒரே சர்க்காரின் கீழ். நடுவில் இல்லாமற்போனது பாதையல்ல, ஒரு வார்த்தை.

தகப்பனார் வழக்குத் தொடுத்தார். அதற்கும் காலம் கொஞ்சம் கனிந்திருந்தது. வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சென்னை ஹைகோர்ட் 1994-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் ஆஸ்பத்திரி தவிர மற்றவை சட்டத்துக்கு உட்பட்டவை. சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகச் செய்தாலும், அந்த இலவச நோயாளிக்கும் கேட்க உரிமை உண்டு. அந்தத் தீர்ப்பு வந்து பத்து மாதம் ஆவதற்குள் நம் குழந்தை பிறந்தது.

உரிமை கிடைத்தது, நியாயம் கிடைக்க நாளாயிற்று. தேசிய நுகர்வோர் கமிஷன் 2009-ல் அலட்சியம் நடந்ததை ஒப்புக்கொண்டு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தகப்பனார் மேலே போனார். 2015 ஜூலை 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தொகையை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு சர்க்காரும், ஒரு பகுதியை டாக்டர்களும் கொடுக்க வேண்டும். பெற்றோர் என்றைக்கும் கூட இருக்க முடியாது, விலைவாசியும் நின்ற இடத்தில் நிற்காது என்பதையெல்லாம் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை என்று இதுவரை எழுதிக்கொண்டு வந்தேனே, அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது ஆகப்போகிறது.

இந்த வழக்கில் யாரும் கத்தியை வயிற்றுக்குள் வைத்துத் தைக்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. பிராணவாயு கொடுத்த கையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கை இல்லாவிட்டால் குழந்தையே இல்லை. ஆயிரம் பிரசவங்களுக்கு நடுவில், தூக்கமில்லாமல் நிற்கும் டாக்டர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். ஆனால் சிரமத்தில் செய்யாமல் விட்ட பெரிய காரியம் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்தப் பெற்றோர் சொன்னதையெல்லாம் கேட்டவர்கள். நான்கு சுவருக்குள் வை என்றால் வைத்தவர்கள். கண் டாக்டரிடம் போ என்றால் போயிருக்க மாட்டார்களா?

டாக்டரைத் தெய்வம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தெய்வத்திடம் வரம் கேட்கலாம். விளக்கம் கேட்பது மரியாதையல்ல என்று நினைக்கிறோம். தெய்வமாக இருந்து பழகிய டாக்டர்களும் சொல்வதை மறந்துபோகிறார்கள். 2013-ல் மத்திய சர்க்கார் குழந்தைகளுக்காக ஆரம்பித்த பரிசோதனைத் திட்டத்தில் இந்தக் கண் வியாதியையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் திட்டம் பேசாது. மனுஷர்தான் பேச வேண்டும்.

அம்மா தடுத்தும் நான் கேட்டேன். "டாக்டர், குழந்தையின் விழித்திரையை எப்போது பார்ப்பார்கள்?"

அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "வியாழக்கிழமை கண் டாக்டர் வருகிறார். எழுதியிருக்கிறேன். நானே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

வியாழக்கிழமை கண் டாக்டர் வந்தார். சொட்டு மருந்து விட்டு, விளக்கை வைத்துப் பார்த்தார். பார்த்த நேரம், டம்ளரில் காபி ஆறுகிற நேரம். இப்போதைக்குப் பயமில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவேண்டும் என்று சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தார். அம்மா அந்தச் சீட்டை வாங்கி, குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.